கட்டாவி கூடாரக் கேம்ப்: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகளும் கேட்க மறக்கும் கேள்விகளும்

டான்சானியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் கட்டாவி தேசியப் பூங்காவில் கூடாரத்தில் தங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி சிங்கம் உள்ளே வந்துடுச்சுன்னா?" விமானம் எந்தக் கிழமை வரும், மாத்திரை எப்போது ஆரம்பிக்க வேண்டும், பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம் என்பதெல்லாம் கடைசியில் வரும், பலருக்கு வராமலே போகும். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விகளால்தான். அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். சிங்கம் நடுவில் வரும்.

கட்டாவி எங்கே இருக்கிறது? செரெங்கெட்டி பக்கமா?

இல்லை, வேறு திசை. செரெங்கெட்டி வடக்கே, கென்யா எல்லையோரம். கட்டாவி மேற்கே, டாங்கனிக்கா ஏரிக்குக் கிழக்கே, ருக்வா பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1974-ல் தேசியப் பூங்காவானது. பின்னர் விரிவாக்கப்பட்டு இப்போது 4,471 சதுர கிலோமீட்டர். பக்கத்து ஊர் ம்பாண்டா, பூங்காவின் தலைமையிடம் சித்தாலிக்கே என்ற கிராமத்தில்.

பெரிய நகரங்களிலிருந்து வெகுதூரம், போய்ச்சேரச் செலவு அதிகம், ஊர் பெயரும் பிரபலமில்லை. ஆகவே கூட்டம் வருவதில்லை. ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது ஜீப் நிற்கும் காட்சி இங்கே கிடையாது. ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு உங்கள் வண்டியைத் தவிர வேறு வண்டியே பார்க்காமல் திரும்புவது சகஜம்.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அடிஸ் அபாபா, நைரோபி என்று ஏதாவது ஒரு வழியில் மாறித் தார் எஸ் ஸலாமுக்கோ, அருஷாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளிமஞ்சாரோ விமான நிலையத்துக்கோ போய்ச் சேரலாம். இந்தியாவைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால்.

அங்கிருந்து சிறிய விமானம். பெரும்பாலும் செஸ்னா கேரவன், பன்னிரண்டு பேர் சுமாருக்கு உட்காரலாம், ஒற்றை எஞ்சின். அது பேருந்து மாதிரி வழியில் உள்ள மண் ஓடுபாதைகளில் ஏற்றி இறக்கிக்கொண்டு போகும். மொத்தம் நான்கு மணி நேரம் வரை பிடிக்கலாம். விமானத்துக்குள் கழிப்பறை கிடையாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்: காலையில் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன் கேம்ப் வண்டி ஒன்று ஓடுபாதையில் முன்னும் பின்னும் ஓடி வரிக்குதிரைகளை விரட்டிவிடும். அதைத்தான் நீங்கள் மேலிருந்து முதலில் பார்ப்பீர்கள்.

எத்தனை இரவு தங்குவது சரி?

இதை முடிவு செய்வது நீங்கள் இல்லை, விமானம். கட்டாவிக்கும் பக்கத்து மஹாலேவுக்கும் போகும் விமானம் நெடுங்காலமாக வாரத்துக்கு இரண்டு முறைதான், திங்களும் வியாழனும். ஆகவே மூன்று இரவு அல்லது நான்கு இரவு, இரண்டில் ஒன்று. அட்டவணை மாறியிருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் கிளம்ப வேண்டுமென்றால் தனி விமானம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அந்தக் கணக்கு வேறு.

பலர் நான்கு இரவு கட்டாவி, மூன்று இரவு மஹாலே என்று சேர்த்துப் போகிறார்கள். மஹாலே டாங்கனிக்கா ஏரிக்கரையில் மலைக்காடு, சிம்பன்சிகளுக்குப் பேர்போனது. அதே விமானம் இரண்டையும் இணைப்பதால் இது நல்ல ஏற்பாடு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கட்டாவியிலிருந்து கிளம்பும் அன்றே இரவில் நாடு திரும்பும் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். சின்ன விமானம் வழியில் ஒரு இடத்தில் தாமதித்தால் எல்லாமே தாமதம். ஒரு இரவு இடைவெளி விடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் அக்டோபர் வரை. அதற்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஜூன், ஜூலையில் காலை குளிரும், போர்வை தேவைப்படும், புல் உயரமாக இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் வெயில் கொளுத்தும், நிழலிலேயே வியர்க்கும், தூசி. ஆனால் விலங்குகளைப் பார்க்க அதுதான் காலம். ஆறு சுருங்கச் சுருங்க எல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு வந்து சேரும்.

நவம்பரில் மழை தொடங்கிவிடும். சமவெளி முழுக்கக் கரிசல் மண். நம்மில் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: நனைந்தால் வண்டிச் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஆகவே மழை வலுத்ததும் கேம்ப்கள் மூடிவிடுவார்கள், மே கடைசி, ஜூனில்தான் திறப்பார்கள்.

தண்ணீர் குறைந்தால் அப்படி என்னதான் நடக்கிறது?

கட்டாவிக்குப் போவதற்கான காரணமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பூங்காவின் உயிர்நாடி கட்டூமா ஆறு. மழைக்காலத்தில் அது கட்டாவி ஏரி, கட்டிசுங்கா சமவெளி, சாடா ஏரி என்று பரந்து விரிந்து கிடக்கும். செப்டம்பர் வாக்கில் ஏரி என்று வரைபடத்தில் இருக்கும் இடம் வெடித்த களிமண் தரையாகிவிடும். ஆறு, துண்டு துண்டாகக் குட்டைகளாகிவிடும். மழையில் பல மைலுக்குப் பரவிக் கிடந்த நீர்யானைகள் எல்லாம் அந்தக் குட்டைகளுக்குள் வந்து அடைந்துகொள்ளும். இக்கூ பக்கம் ஒரே மடுவில் இருநூறு நீர்யானைகள் வரை கிடக்கும். அங்கே தண்ணீர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் நிற முதுகுகளும் சேறும்தான். ஒன்று புரண்டால் பக்கத்தில் இருப்பது உறுமும், அது அடுத்ததைத் தள்ளும், அந்த உறுமல் குட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடும். வாலைச் சுழற்றிச் சாணத்தை விசிறியடிக்கும், எதிரில் இருப்பதன் முகத்தில் விழும், அது கண்டுகொள்ளாது. ஆண்கள் சண்டை போட்டால் கோரைப் பற்களால் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும். நாற்றம், வண்டி நிற்கும் முன்பே வந்துவிடும். மூக்கை மூடிக்கொண்டு வருபவர்கள்கூட அரை மணி நேரத்தில் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார்கள், பார்க்க அவ்வளவு இருக்கிறது.

முதலைகள் இன்னும் விசித்திரம். கரையில் மண்ணுக்குள் குகை போலக் குடைந்த பொந்துகளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்து வறட்சியைக் கடத்துகின்றன. ஆற்றங்கரையில் ஒரு கறுப்பு ஓட்டை, அதற்குள் நான்கைந்து மூக்கு நுனிகள். கைடு காட்டினாலொழிய கண்ணில் படாது.

புல் தேடிவரும் எருமைக் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டுவதுண்டு. அவற்றின் பின்னாலேயே சிங்கங்கள்.

இதற்குள் ஒரு வருத்தமான கணக்கும் இருக்கிறது. பூங்காவுக்கு மேல்பக்கம், ஆற்றை மறித்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் திருப்புகிறார்கள். வயலுக்கும் தண்ணீர் வேண்டும்தான். ஆனால் கடைமடையில் இருப்பவன் கதி என்ன என்று தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும், இங்கே கடைமடையில் இருப்பது நீர்யானைகள். முன்பு வறட்சியிலும் கசிந்துகொண்டிருந்த ஆறு இப்போது சில ஆண்டுகளில் பல இடங்களில் அடியோடு காய்ந்துவிடுகிறது. சேற்றில் சிக்கி மெலிந்த நீர்யானையைப் பார்க்க நேரலாம். மனசு தாங்காதவர்கள் ஜூலையில் போவது நல்லது.

எல்லா மிருகமும் இருக்குமா?

காண்டாமிருகம் கிடையாது. செரெங்கெட்டியின் லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்களின் இடப்பெயர்ச்சியும் இங்கே இல்லை. சிறுத்தை இருக்கிறது, மியோம்போ என்ற வறண்ட மரக்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். ஐந்து பெரிய மிருகங்களைப் பட்டியல் போட்டு டிக் அடிக்க வருபவர்கள் வேறு பூங்காவுக்குப் போகலாம், நேரமும் பணமும் மிச்சம். யானை, சிங்கம், எருமை, வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, டோப்பி மான், கழுதைப்புலி, பெலிக்கன், நாரைகள் எல்லாம் தாராளம்.

விசா, தடுப்பூசி?

டான்சானியா விசாவுக்கு இணையத்தில் அரசின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஒருமுறை நுழையும் சாதாரண விசா 50 டாலர். அதே மாதிரித் தோற்றத்தில் இடைத்தரகர்களின் தளங்கள் இருக்கின்றன, இருமடங்கு வாங்குவார்கள். முகவரியைப் பார்த்துக் கட்டுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் குழப்பம். இந்தியாவிலிருந்து நேராகப் போனால் டான்சானியா சான்றிதழ் கேட்பதில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வந்தாலோ, அப்படிப்பட்ட நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ கேட்பார்கள். கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. திரும்பும்போது இந்தியாவும் கறாராக இருக்கும். பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்தால் தனிமைப்படுத்தி வைக்க முடியும். இந்தத் தலைவலிக்கு ஊசியே போட்டுவிடுவது மேல். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதல்முறையாகப் போடுவதாக இருந்தால் முதலில் டாக்டரிடம் பேசுங்கள், அந்த வயதில் பக்கவிளைவு வாய்ப்பு கூடுதல்.

நம்ம ஊரிலும் கொசு இருக்கிறதே, மலேரியா மாத்திரை அவசியமா?

அவசியம். அங்கே இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, உயிரை எடுக்கக்கூடியது. "நாங்க கொசுக்கடியிலேயே வளர்ந்தவங்க" என்ற வீரப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை. நம் ஊர்க் கொசுக்கடி எந்தப் பாதுகாப்பும் தராது.

எந்த மாத்திரை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பொதுவாகத் தருவது இரண்டில் ஒன்று. டாக்சிசைக்ளின் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, தினமும் ஒன்று, திரும்பிவந்து நான்கு வாரம் வரை. அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஒரு வாரம் போதும், ஆனால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்களுக்கு வெயில் சுள்ளென்று படும், தொப்பி கட்டாயம். எட்டு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. கர்ப்பமாக இருக்கும்போது இந்தப் பயணமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

செட்சி ஈ என்கிறார்களே, அது என்ன?

வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, சட்டைக்கு மேலேயே கடிக்கும், கடித்தால் ஊசி குத்தியது போல இருக்கும். கட்டாவியின் காட்டுப் பகுதிகளில் நிறைய. இன்னொரு விதத்தில் பார்த்தால் இந்தக் காடு மிஞ்சியிருப்பதில் அதற்கும் பங்கு உண்டு, மாடுகளுக்கு நோயைப் பரப்புவதால் மாடு வளர்ப்பவர்கள் இந்தப் பக்கம் குடியேறவில்லை. மனிதர்களுக்குத் தூக்க நோய் வருவது பயணிகளிடையே மிக அரிது.

நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அதைப் பிடிக்க மரங்களில் தொங்கவிடும் பொறித் துணிகளே நீலமும் கறுப்பும்தான். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் நீங்களே நடமாடும் பொறி. காக்கி, மங்கிய பச்சை, பழுப்பு போதும். ராணுவப் புள்ளிச் சட்டை மட்டும் வேண்டாம், அங்கே வில்லங்கம்.

பெட்டி?

சிறிய விமானத்தில் கைப்பையும் சேர்த்து 15 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சரக்கறையில் நுழையாது, துணிப்பைதான். கனமான கேமரா லென்ஸ் கொண்டுபோகிறவர்கள் கூடுதல் இருக்கைக்குக் காசு கட்டி எடை வாங்கிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம். 2019 ஜூன் 1 முதல் டான்சானியாவில் தடை, விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். துணிக்கடைக் கவரில் உடுப்பைச் சுற்றி அடுக்கும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு நாலு மஞ்சப்பை எடுத்துவையுங்கள். ட்ரோனும் வேண்டாம், அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. பைனாகுலர் ஆளுக்கு ஒன்று கொண்டுபோங்கள். கணவன் மனைவிக்குள் ஒரே பைனாகுலர் என்றால் சிறுத்தையைவிடப் பெரிய சண்டை அங்கே நடக்கும்.

கூடாரம் என்றால் தரையில் படுக்கணுமா?

இல்லை. கட்டில், மெத்தை, வெள்ளை விரிப்பு, பின்பக்கம் குளியலறை எல்லாம் உண்டு. சுவர்தான் கிடையாது. தடித்த கித்தான் துணி, ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் கொசுவலை, கதவுக்குப் பதில் ஜிப். கித்தானில் தட்ட முடியாது என்பதால் விடிகாலையில் டீ கொண்டுவரும் பையன் வெளியில் நின்று "ஹோடி" (சுவாஹிலியில், உள்ளே வரலாமா) என்று குரல் கொடுப்பார். நீங்கள் "கரிபு" (வாருங்கள்) என்றால்தான் ஜிப்பைத் தொடுவார்.

சரி, சிங்கம் வருமா?

கேம்புக்குள் வரும். கூடாரத்துக்குள் வராது. வேலி எதுவும் கிடையாது, ஆகவே ராத்திரி கழுதைப்புலி, யானை, நீர்யானை, சில சமயம் சிங்கம் கூடாரங்களுக்கு நடுவே நடந்து போகும். மூடிய கூடாரம் அவற்றுக்கு ஒரு பாறையோ புதரோ மாதிரி, உள்ளே இருப்பதைத் தேடி யாரும் கிழிப்பதில்லை. விபத்து என்று கேள்விப்படுபவை பெரும்பாலும் ஜிப்பைத் திறந்துபோட்டுத் தூங்கியதாலோ, இருட்டில் தனியாக வெளியே போனதாலோ நடந்தவை.

விதிகள் மூன்று, மூன்றையும் அப்படியே கேளுங்கள். இருட்டியபின் காவலர் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வரக்கூடாது. ஜிப் எப்போதும் அடி வரை மூடியிருக்க வேண்டும். சாப்பிடும் பொருள் எதையும் உள்ளே வைக்கக்கூடாது, பிஸ்கட் பாக்கெட்கூட. குரங்கும் தேன்வளைக்கரடியும் பிஸ்கட்டுக்காக வரும், யானைக்குப் பழ வாசனை போதும். செருப்பை வாசலில் விடாதீர்கள், கழுதைப்புலி கடித்து எடுத்துப்போய்விடும்.

சாப்பாடு முடிந்து உங்களைக் கொண்டுவந்து விடும் காவலர் டார்ச்சை இரு பக்கமும் வீசிக்கொண்டே வருவார். எந்த உயரத்தில், என்ன நிறத்தில் கண்கள் மின்னுகின்றன என்பதைத்தான் அவர் பார்க்கிறார். வாசலில் "லாலா சலாமா" (நிம்மதியாகத் தூங்குங்கள்) என்று சொல்லிவிட்டுப் போவார். ஆபத்து என்றால் கூப்பிட ஒவ்வொரு கூடாரத்திலும் விசிலோ, ஹாரனோ, வாக்கி-டாக்கியோ இருக்கும். முதல் இரவு தூக்கம் வராது. தலைமாட்டுக் கித்தானுக்கு ஒரு முழம் அப்பால் நீர்யானை புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம், பிறகு மெல்லும் சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு. இரண்டாம் இரவு எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது சிங்கத்துக்கு அல்ல, பகலில் தண்ணீர்க் கரையில் நிற்கும் நீர்யானைக்கும் தனியாகத் திரியும் கிழட்டு எருமைக்கும்தான். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் போய்விடக்கூடாது.

குளியல், கழிப்பறை?

கழிப்பறை கூடாரத்தோடு ஒட்டியே இருக்கும். சில கேம்ப்களில் ஃப்ளஷ், சிலவற்றில் குழிக் கழிப்பறை, மண் அள்ளிப்போடுவது. பீச்சுக்குழாய் இருக்காது, ஒரு மக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியலுக்கு வெந்நீர் வேண்டும் என்று சொன்னால் விறகில் காய்ச்சி, சுமார் 20 லிட்டர் பிடிக்கும் வாளியில் ஊற்றிக் கப்பியில் மேலே ஏற்றிவிடுவார்கள். கீழே ஒரு ஷவர் குழாய். நனைந்துகொண்டு நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி திறக்க வேண்டும். வெள்ளைக்காரப் பயணிகள் இதைச் சாகசமாக எழுதுகிறார்கள். வாளிக் குளியலில் வளர்ந்த நமக்கு 20 லிட்டர் தாராளம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். டீ, ஒரு பிஸ்கட், வண்டி. காலைச் சாப்பாடு எங்காவது மரத்தடியில், வண்டியின் பானெட்டில். பதினொன்று, பன்னிரண்டுக்குத் திரும்பல், மதியச் சாப்பாடு, வெயில் தாழும் வரை ஓய்வு. நான்கு மணிக்கு மறுபடி கிளம்பி, பொழுது சாயும் வரை. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும் என்பது டான்சானியப் பூங்காக்களின் பொது விதி. இடையில் ஒரு காலை, துப்பாக்கியோடு வரும் ரேஞ்சரின் பின்னால் வரிசையாக நடந்து போகலாம். சிறுவர்களை அதற்கு அழைத்துப்போக மாட்டார்கள்.

மதிய ஓய்வுதான் பலருக்குத் தாங்காது. "அஞ்சு மணி நேரம் என்ன பண்றது?" என்பார்கள். அக்டோபர் வெயிலில் ஒன்றும் பண்ண முடியாது. புத்தகம் கொண்டுபோங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்? பக்கத்தில் கடை கிடையாது. முட்டை, மீன் உண்டா இல்லையா என்பதையும் தெளிவாக எழுதுங்கள், "வெஜிடேரியன்" என்றால் மீன் சாப்பிடுவார் என்று நினைப்பவர்கள் உண்டு. சுவாஹிலியில் "சிலி ன்யாமா" என்றால் கறி சாப்பிடமாட்டேன்.

மேற்கத்தியப் பயணிகளுக்காகச் சூப், பாஸ்தா, ரொட்டி என்று மேசையில் வைப்பார்கள். அதைவிட, பணியாளர்கள் சாப்பிடும் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பீன்ஸ் குழம்பு, ம்சிச்சா என்ற கீரைப் பொரியல், சப்பாத்தி. கீரை நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன்தான். நாலு நாளும் நிம்மதியாகச் சாப்பிடலாம். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆனால் சமையல் கூடாரத்தில் கொடுத்துவையுங்கள்.

அங்கே புளிய மரம் இருக்கிறதாமே?

நிறைய. புளியின் பூர்வீகமே வெப்பமண்டல ஆப்பிரிக்காதான், நாம் அதைச் சொந்தமாக்கிக்கொண்டோம். சாடா சமவெளியின் ஓரத்தில் கூடாரங்கள் போடுவதே புளிய மர நிழலில்தான். பழுக்கும் காலத்தில் யானைகள் காய்க்காகக் கேம்புக்குள் வந்து கிளையை உலுக்கும். கட்டாவி ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு புளிய மரத்தில் கட்டாபி என்ற ஆவி குடியிருப்பதாக வபெண்டே மக்கள் நம்புகிறார்கள், பூங்காவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். வேட்டைக்குப் போகுமுன் அங்கே படையல் வைத்துக் கும்பிடுவார்களாம். புளிய மரத்தில் பேய் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

துணி துவைத்துத் தருவார்களா? போன் சார்ஜ்?

தினமும் துவைத்து, கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் தேய்த்துத் தருவார்கள். ஈரத்துணியில் சிலவகை ஈ முட்டையிடும், சூட்டில் அது செத்துப்போகும் என்பதால் தேய்ப்பது அலங்காரத்துக்கு மட்டுமல்ல. உள்ளாடையைப் பல கேம்ப்களில் வாங்கமாட்டார்கள், சோப்புத்தூள் கூடாரத்திலேயே இருக்கும், நீங்களே அலசிக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் சூரிய ஒளியில். விளக்கு உண்டு, ஏசி கிடையாது. போன், கேமரா பேட்டரியைப் பொதுக் கூடாரத்தில் சார்ஜ் போடலாம். பிளக் பெரும்பாலும் பிரிட்டிஷ் சதுர முனை. ராத்திரி மூச்சுக்கருவி வைத்துத் தூங்குபவர்கள் தனி பேட்டரி வேண்டும் என்று முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். செல்போன் சிக்னலை நம்பாதீர்கள். அலுவலகத்தில் "அவசரம்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா? குழந்தைகள்?

நடக்கக்கூடியவர்களாக இருந்தால் தாராளமாக. வண்டியில் ஏறப் படி உயரம், பாதை குலுக்கும், இடுப்புவலிக்காரர்கள் நடுவரிசையில் உட்காரட்டும், கடைசி வரிசை வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்குச் சமையலறையில் குளிர்பெட்டி இருக்கும். குழந்தைகளுக்குக் குறைந்தபட்ச வயது வரம்பு கேம்புக்குக் கேம்ப் மாறும். சத்தம் போடாமல் இருக்கத் தெரியாத வயதுக் குழந்தைக்கு வேலியில்லாத இடம் சரிப்படாது.

உடம்புக்கு முடியாமல் போனால்?

கேம்பில் முதலுதவி மட்டும்தான். பெரிதாக ஏதாவது என்றால் விமானத்தில் ஏற்றி நைரோபிக்கோ தார் எஸ் ஸலாமுக்கோ கொண்டுபோக வேண்டும். நைரோபியிலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. ஆனால் மண் ஓடுபாதையில் விளக்கு கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சுவலி வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டிவரலாம். இதய நோய் உள்ளவர்கள் இந்த ஒரு வரியை வைத்து முடிவெடுங்கள். மருத்துவ விமானச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்ப வேண்டாம்.

செலவு எவ்வளவு? குறைவாகப் போக வழியில்லையா?

பூங்காவுக்குள் நல்ல கேம்பில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 500 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது, அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகும். சாப்பாடு, வண்டி, கைடு எல்லாம் பெரும்பாலும் அதிலேயே அடக்கம். பூங்காக் கட்டணமும் விமானமும் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விலை ஒப்பிடும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குறைந்த செலவுக்கு ஒரு வழி உண்டு, நேரமும் முதுகெலும்பும் வேண்டும். ம்பேயாவிலிருந்து சும்பவாங்கா வழியாகப் பேருந்து, அல்லது தபோராவிலிருந்து ரயில், இரண்டும் ம்பாண்டாவில் கொண்டுவிடும். அங்கிருந்து சித்தாலிக்கே பக்கம்தான். தேசியப் பூங்கா நிர்வாகத்தின் எளிய குடில்களில் தங்கி, வண்டி வாடகைக்கு எடுத்து உள்ளே போகலாம். சித்தாலிக்கே பாலத்தடியிலேயே நீர்யானைகள் கிடக்கும், அதற்கு வண்டிகூட வேண்டாம். இளவட்டங்கள் இந்த வழியில் போவதைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

டிப்ஸ்?

கைடுக்குத் தனியாக, மற்றவர்களுக்குப் பொதுப் பெட்டியில். கடைசி நாள் கொடுத்தால் போதும். டாலர் கொண்டுபோனால் புதிய நோட்டாக இருக்கட்டும், 2006-க்கு முன் அச்சான நோட்டை அங்கே வாங்கமாட்டார்கள். கிழிசல், பேனாக் கிறுக்கல் உள்ளவையும் செல்லாது.

திரும்பி வந்த பிறகு ஏதாவது கவனிக்கணுமா?

மாத்திரையை முழுக்க முடியுங்கள். ஊருக்கு வந்த பிறகும் கோர்ஸ் பாக்கி இருக்கும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய், "டான்சானியா போயிருந்தேன், மலேரியா டெஸ்ட் எடுங்க" என்று நீங்களாகவே சொல்லுங்கள். இங்கே டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முதல் டெஸ்டில் இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுநாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.